பட்டினமும் சூழலும்: எமது ஊர் வரலாற்று நூல்கள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

திருகோணமலை நகரம் அடங்கியிருக்கும் பிரதேச செயலகத்தின் பெயர் 'பட்டினமும் சூழலும்'. கோட்டையும் கடைத்தெருவும் இருந்த இடத்தைப் பட்டினம் என்றும், அதனைச் சுற்றிக் குடியிருந்தவர்களின் இடத்தைச் சூழல் என்றும் பிரித்து ஆண்ட காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். நாளாந்தம் அந்தப் பலகையைக் கடந்து போகிறோம். பட்டினம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். சூழல் என்ற சொல்லுக்குள் இருக்கிறவர்கள் யார் என்ற கேள்விக்கு எமது எழுத்து இதுவரை என்ன பதில் சொல்லியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கதை, கவிதையை மட்டும் எடுத்துக்கொண்டு நான் இதைப் பேச வரவில்லை. எமது சமூகத்தில் அதிகமாக எழுதப்படுவதும், அதிகமாகப் பாதுகாக்கப்படுவதும், ஆனால் ஒருவரும் விமர்சனத்துக்கு எடுக்காததுமான ஒரு நூல் வகை இருக்கிறது. அதுதான் ஊர் வரலாறு. கடந்த முப்பது முப்பத்தைந்து வருடங்களாகக் கிழக்கிலும், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வாழும் புத்தளத்திலும் இத்தகைய நூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓய்வுபெற்ற அதிபர்களும் கிராம உத்தியோகத்தர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் கைக்காசு போட்டு அச்சடிக்கிறார்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கியவரின் பெயரைச் சொல்லுகிறோம், வாழ்த்துரை வழங்குகிறோம், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். நூலை ஒரு நூலாக எடுத்துப் பேசுவதில்லை. பேசினால் ஊருக்கு எதிராகப் பேசியதாகிவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்போம். முதலில் இந்நூல்களின் பெறுமதியைச் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டி வந்தது. உறுதிகளும் பதிவுகளும் பள்ளிவாசல் கொப்பிகளும் போய்விட்டன. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனங்கள் கந்தளாய்க்கு ஓடிய போதும் கையில் எடுத்துப் போனவை மிகக் குறைவு. அந்த நிலைமையில் 'நாங்கள் இந்த ஊரில் இருந்தோம்' என்று ஒரு கடதாசியில் எழுதி வைப்பதே பெரிய காரியம். எமது ஊர் வரலாறுகள் பலவும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. அவற்றை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தத் தேவையே அவற்றின் வடிவத்தையும் தீர்மானித்துவிட்டது. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஊருக்குப் பெயர் வந்த காரணம் முதலில் வரும். அடுத்தது அறபு வணிகர் வருகை. பிறகு பள்ளிவாசல்கள், பாடசாலைகள், முதல் ஆசிரியர், முதல் பட்டதாரி, முதல் டொக்டர், முதல் ஹாஜி. அதற்குப் பின் பாராளுமன்றம் போனவர்கள். கடைசியில் யுத்தமும் சுனாமியும். இடையிடையே படங்கள். வாசித்து முடித்தால் அந்த ஊர்ச் சனங்கள் காலையில் எழும்பி எங்கே போனார்கள், என்ன செய்து சம்பாதித்தார்கள், யாரிடம் வாங்கி யாருக்கு விற்றார்கள் என்பது தெரியாது. பக்கத்து ஊர் என்று ஒன்று இருந்ததா என்பதும் தெரியாது.

கிண்ணியாக்காரனான எனக்கு இந்தக் குறை முதலில் உறைத்தது என் சொந்த ஊரில் அல்ல, சல்லியில். நிலாவெளி றோட்டிலிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி. மீன்பிடிக் கிராமம். முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. திருவிழாக் காலத்தில் பட்டினத்துச் சனங்களும் திரண்டு வருகிற இடம். பட்டினத்தின் சூழல் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2004 டிசம்பரில் கடல் அந்தக் கிராமத்தையும் விட்டு வைக்கவில்லை.

ஒரு கட்டுரைக்காகக் கரைவலை பற்றிய சொற்களைச் சேகரிக்க அங்கே போயிருந்தேன். வலை இழுத்து ஓய்ந்த ஒரு முதியவர் வாடி நிழலில் இருந்தார். நான் கிண்ணியா என்றதும் சிரித்தார்.

"கிண்ணியாவோ தம்பி? அந்த நாளில எங்கட மீனை எடுத்தது முழுக்க உங்கட ஆக்கள்தானே. ஜமாலியாவில இருந்தும் நிலாவெளியில இருந்தும் நானாமார் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கொண்டு விடியவே வந்து நிப்பினம். பிரச்சினை நாளில றோட்டு மூடினாலும் எப்பிடியோ வந்திருவினம். அவையள் வராட்டி மீன் மணலிலதான் கிடக்கும்."

"அதெல்லாம் எங்கயும் எழுதியிருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆர் எழுதுறது? கோயில் மலர் ஒண்டு போட்டவை. அதில அம்மன்ட வரலாறு இருக்கு, உபயகாரற்ற பேர் இருக்கு. மீன் எடுத்த நானாமாற்ற பேரை ஏன் போடப் போகினம்? உங்கட பள்ளிவாசல் புத்தகத்தில எங்களைப் போட்டிருக்கோ?"

போடவில்லை. எமது நூல்களில் சல்லி இல்லை, அவர்களது மலரில் நாம் இல்லை. விடிய நாலு மணிக்கு ஒரே மணலில் நின்று ஒரே மீனுக்கு விலை பேசியவர்கள் இரண்டு நூல்களில் இரண்டு தீவுகளாகப் போய்விட்டார்கள். அந்தப் பெரியவர் என்னைக் குற்றம் சாட்டிப் பேசவில்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

இதை வெறும் மறதி என்று விட்டுவிட முடியாது. சூழல் ஊர் ஒன்றின் இயல்பையே நாம் பிழையாக விளங்கியிருக்கிறோம் என்பதைத்தான் இது காட்டுகிறது. பெரு நகரம் ஒன்றின் அருகில் இருக்கும் சிற்றூர் தன்னந்தனியாக நிற்பதில்லை. அதற்கு ஆஸ்பத்திரி வேறிடத்தில், சந்தை வேறிடத்தில், கச்சேரி வேறிடத்தில். போக்குவரத்துத்தான் அதன் உயிர். கிண்ணியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை நாம் தண்ணீரைத் தாண்டித்தான் பட்டினம் போனோம். 396 மீற்றர் நீளமான பாலம். சவூதி அரேபிய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டியது. திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம். இத்தனையும் எமது நூல்களில் இருக்கும். திறந்து வைத்தவரின் படமும் இருக்கும். ஆனால் அதற்கு முந்திய காலம் அநேகமாக ஒரே வரியில் முடிந்துவிடும்: 'மக்கள் போக்குவரத்தில் பெரும் சிரமங்களை எதிர்நோக்கினர்.'

அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஆயுசு போயிருக்கிறது! படகுப் பாலத்தை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்லுவோம். 'பாதை வந்திட்டா?' 'பாதை அந்தப் பக்கம் நிக்குது.' தண்ணீரில் மிதக்கிற ஒன்றுக்கு எங்கள் சனங்கள் பாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைப்பேற்று வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்கள், பாதையில் வைத்துப் பாடமாக்கிய மாணவர்கள், மீன் பெட்டி நாறுகிறது என்று சண்டை பிடித்த உத்தியோகத்தர்கள், ஜனாஸாவோடு காத்திருந்தவர்கள். என் மூத்தம்மா சொல்லுவா, "பாதையில நிக்கிற நேரத்திலதான் மனே நாலு ஊர்ப் பொம்பளையளோட கதைக்கலாம். வீட்டுக்குள்ள ஆரு வாறா?" அவவுக்குப் பாதை என்பது சிரமம் மட்டுமில்லை, வெளி உலகமும் அதுதான். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று எல்லாரும் ஒரே பலகையில் நின்ற இடம் அது. பாலம் வந்ததும் அந்த இடம் இல்லாமல் போனது. பாலம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பாலம் வந்ததால் போனது எது என்பதை எழுதாமல் விட்டால் அது ஊர் வரலாறு ஆகாது, திறப்பு விழா அறிக்கையாகத்தான் இருக்கும்.

'சிரமம்' என்ற அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2021 நவம்பர் 23 எமக்குக் காட்டியது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தற்காலிகமாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகளும் சேர்த்து உயிர்கள் போயின. பாதைகளின் வரலாற்றை, அவை எத்தனை தரம் ஆடின, எத்தனை தரம் தப்பினோம், யார் ஓட்டினார்கள், யார் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை என்பதையெல்லாம் முறையாக எழுதி வைத்த சமூகமாக நாம் இருந்திருந்தால், அன்றைக்கு அதிகாரிகளிடம் காட்டுவதற்காவது கையில் ஒரு நூல் இருந்திருக்கும். எம்மிடம் இருந்தது முதல் பட்டதாரிகளின் பட்டியல்தான்.

இந்த இடத்தில் ஒரு படைப்பாளியைச் சொல்ல வேண்டும். வ. அ. இராசரத்தினம் 1925இல் மூதூரில் பிறந்தவர், கத்தோலிக்கர், ஆசிரியர், 2001இல் காலமானவர். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. தோணி என்ற கதை ஈழத்துச் சிறுகதைகளில் இன்றைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்லுகிற கதை. மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குவதுதான் அதன் அடிப்படை. விமர்சகர்கள் அதை 'மண்வாசனை' என்ற சொல்லால் பாராட்டிப் பாராட்டி, அந்தக் கதை என்ன சொல்லுகிறது என்பதை மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். கடல் எல்லாருக்கும் பொது. தோணி பொது இல்லை. தோணி வைத்திருக்கிறவனுக்குக் கடல் சொந்தம், இல்லாதவன் அவனிடம் கூலிக்குப் போக வேண்டும். இந்த ஒரு பொருளாதார உண்மையை ஒரு சிறுவனின் ஆசைக்குள் வைத்துச் சொன்னதில்தான் கதையின் பலம் இருக்கிறது. உப்புக் காற்றும் மணலும் அதற்குப் பின்னால் வருபவை.

அந்தக் கேள்வியை எமது ஊர் வரலாறுகளிடம் கேட்டுப் பாருங்கள். எமது ஊரில் தோணி யாரிடம் இருந்தது? வலை யாருடையது? சம்மாட்டி யார், பங்குக்கு இழுத்தவன் யார்? வயல் யாருடையது, போடியார் யார், அவரிடம் முல்லைக்காரனாக நின்றவன் யார்? பதில் கிடைக்காது. 'எமது மக்களின் பிரதான தொழில்கள் விவசாயமும் மீன்பிடியுமாகும்' என்று கிடைக்கும். போடியாரையும் முல்லைக்காரனையும் ஒரே வரியில் 'எமது மக்கள்' ஆக்கிவிட்டோம்.

இராசரத்தினத்தின் இன்னொரு நூலின் பெயர் 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது'. 1993இல் வந்தது. யுத்தத்தின் நடுவில் ஒருவர் தன் பகுதிக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதி, அதற்குக் 'காத்துக்கொண்டிருக்கிறது' என்று பெயர் வைத்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எமது ஊர் வரலாறுகள் எல்லாம் சாதித்து முடித்த ஊர்களின் கதைகள். காத்திருக்கிற ஊர் அவற்றில் இல்லை. ஆனால் பாதைக்கும் லோஞ்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காணிக்கும் காணாமல் போனவர்களுக்கும் காத்திருப்பதுதானே இந்தக் குடாவைச் சுற்றியிருக்கிற எல்லாச் சனங்களுக்கும் பொதுவான அனுபவம்? 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனங்கள் ஏறத்தாழ பத்து வருடங்கள் காத்திருந்தார்கள். அதே வருடம் ஓடிய மூதூர்ச் சனங்களுக்கு அது விளங்கும். விளங்கியதை எழுதினோமா?

இன்னொரு கடற்கரையையும் பார்ப்போம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் முஸ்லிம் முரசில் தொடராக வந்து, 1988இல் நூலானது. தேங்காய்ப்பட்டினத்துக்காரர்; மலையாளத்தில் படித்தவர். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகப் பின்னர் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். அந்தக் கடலோரக் கிராமத்தில் வடக்கு வீட்டு முதலாளி இருக்கிறார், அவருக்கு அடங்காத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது இருக்கிறார், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிற கூட்டம் இருக்கிறது, தங்ஙள் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுகிறவர் இருக்கிறார். நாவல் வந்தபோது அவருக்கு ஊருக்குள் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் இன்றைக்குத் தேங்காய்ப்பட்டினம் என்ற ஊரைத் தமிழ் வாசிப்புலகம் முழுவதும் அறிந்திருப்பது அந்த நாவலால்தான். தன் ஊரின் பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்ட எழுத்து அந்த ஊரை வாழ வைத்திருக்கிறது.

எமது ஊர் வரலாறுகளில் ஒரு கெட்டவனும் இல்லை. வட்டிக்கு விட்டவன் இல்லை, அடுத்தவன் வேலியை நகர்த்தியவன் இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று சொன்னவன் இல்லை. பெண்களும் இல்லை, முதல் ஆசிரியையைத் தவிர. சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியை அழித்தது என்று எழுதுகிறோம். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலை செய்த பெண்களின் வாயால் அந்த நாளைக் கேட்டு எழுதினோமா? நல்லவர்களை மட்டும் வைத்து ஒரு ஊரைக் கட்டினால் அதில் பிள்ளைகள் தங்களைத் தேடிக் காணமாட்டார்கள். பிறகு 'இளைஞர்கள் வாசிக்கிறார்கள் இல்லை' என்று நாமே குறைப்படுகிறோம்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. அதை நான் நண்பர்களிடமிருந்து நேராகவே கேட்டிருக்கிறேன். "காணிப் பிரச்சினை ஒருபக்கம், எல்லைப் பிரச்சினை ஒருபக்கம். இந்த நேரத்தில பக்கத்து ஊர்க்காரன் இங்க வந்து வலை போட்டான், அங்க வயல் செய்தான் என்று நாமளே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு அதையே கொண்டுவந்து எங்கட மூஞ்சில வைப்பாங்க. உங்கட இலக்கியத்தை எங்கட காணியில விளையாட வேணாம்."

இது பயத்தில் வருகிற பேச்சு, பொய்ப் பேச்சு அல்ல. இந்த மாவட்டத்தில் காணியை இழந்தவன் அந்தப் பயத்தைச் சும்மா உதறிவிட முடியாது. ஆனாலும் நான் இரண்டு விடயங்களைச் சொல்லுவேன். ஒன்று, ஒவ்வொரு சமூகமும் தான்தான் முதலில் வந்தது என்று எழுதிய நூல்களால் இதுவரை எந்தக் காணி வழக்கு தீர்ந்தது? ஒரு நூலுக்கு எதிராக இன்னொரு நூல் வந்ததுதான் மிச்சம். இரண்டாவது, வாழ்ந்ததற்கு மிக உறுதியான சாட்சி அயலவன்தான். சல்லிப் பெரியவர் 'விடியவே நானாமார் வந்து நிப்பினம்' என்று சொன்னது, எமது ஊர்க்காரர் பத்துப் பேர் சொல்லுவதை விடப் பெறுமதியானது. அந்தச் சாட்சியை எமது நூலில் சேர்க்காமல் விட்டு நாமே எமது வழக்கைப் பலவீனமாக்கியிருக்கிறோம். நாம் அவர்களுக்குச் சொல்லக்கூடிய சாட்சியும் அப்படித்தான்.

கொட்டியாரக் குடாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் றொபர்ட் நொக்ஸ். உடைந்த கப்பலைத் திருத்த வந்த இடத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு தப்பி, 1681இல் நூலை வெளியிட்டார். கண்டி இராச்சியத்தைப் பற்றி அந்த நூல் விபரமாகச் சொல்லுகிறது. கொட்டியாரம் அதில் ஒரு வாசல் மாத்திரமே. வழிப்போக்கன் எழுதினால் சூழல் ஊர்களுக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைதி. உள்ளே பிறந்து வளர்ந்த நாமும் பட்டினத்தைப் பார்த்தபடியே எழுதினால் எம்மைக் குறை சொல்லலாம்.

ஆகவே இனி ஊர் வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வாசகனாக என் வேண்டுகோள்கள் சில. வாழ்த்துரைகளை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். மிச்சப்படும் பக்கங்களில் ஊரின் தொழில்களை, அவற்றின் பங்கு முறைகளோடு எழுதுங்கள். சம்மாட்டிக்கு எத்தனை, இழுத்தவனுக்கு எத்தனை என்று எழுதுங்கள். பாதைகள், லோஞ்சுகள், பஸ்கள் பற்றி அவற்றில் ஏறியவர்களிடமும் ஓட்டியவர்களிடமும் கேளுங்கள். குறைந்தது ஒரு அத்தியாயத்தைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். அவர் எம்மைப் பற்றி என்ன சொல்லுகிறாரோ அதை வெட்டாமல் போடுங்கள். பெண்களிடம் பெண்களை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள். ஊரில் நடந்த ஒரு அநியாயத்தையாவது, பெயர் சொல்லாமலாவது எழுதுங்கள்.

சல்லிக்கு நான் மறுபடியும் போனேன். இந்த முறை ஒரு கொப்பியோடு. கரைவலை இழுக்கிற கடற்கரைத் துண்டைப் 'பாடு' என்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர், ஒரு முறை, ஒரு வழக்கு உண்டு. பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் நிறுத்தி, "தம்பி, இதை எந்தப் புத்தகத்தில போடப் போறியள்? உங்கட புத்தகத்திலயோ, எங்கட புத்தகத்திலயோ?" என்று கேட்டார்.

"ரெண்டிலயும் போடுவம் ஐயா" என்றேன்.

"அப்ப சரியா எழுதுங்க. பிழையா எழுதினா ரெண்டு பக்கத்தாலயும் ஏச்சு விழும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார்.